கம்ப்ரசர் காற்றுக்கு எந்த ஃபில்டர்?

ஏர் லைனில் தண்ணீர் வருகிறது என்றதும் பல பட்டறைகளில் முதலில் செய்வது, இருப்பதைவிட நைஸான ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருக்கும். கூடவே பிரஷரும் குறைந்திருக்கும். அதை ஈடுகட்ட கம்ப்ரசர் செட்டிங்கை அரை பார் ஏற்றுவார்கள். கரன்ட் பில் கூடும். காற்றில் கலந்திருக்கும் ஈரத்தை ஃபில்டரால் எடுக்க முடியாது என்ற ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்தச் செலவு மொத்தமும் மிச்சம்.

சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்களுக்கும், மெயின்டெனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வருவது இதுதான்: ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கம்ப்ரசர் ரூமிலிருந்து தொடங்காதீர்கள். காற்று கடைசியாக எதன்மேல் படுகிறதோ, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

காற்றோடு என்னவெல்லாம் வருகிறது?

வெளிக்காற்றின் 1 பார் அழுத்தத்துக்கு மேல் இன்னும் 7 பார் (பார் என்பது அழுத்த அலகு) ஏற்றுகிறோம் என்றால், வெளியே 8 கன மீட்டர் இடத்தில் இருந்த காற்றை 1 கன மீட்டருக்குள் அடைக்கிறோம். காற்றோடு இருந்த தூசியும் புகையும் ஈரமும் அதே இடத்துக்குள் அடைபடுகின்றன. கம்ப்ரசரின் வாயில் இருக்கும் இன்டேக் ஃபில்டர் இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. மிக நுண்ணிய துகள்கள் அதைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இதற்குமேல் கம்ப்ரசர் தன் பங்குக்கு எண்ணெய் சேர்க்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசரில் கன மீட்டருக்கு 2 முதல் 5 மில்லிகிராம் எண்ணெய் காற்றோடு வருவது சகஜம். ரிங் தேய்ந்த பழைய பிஸ்டன் கம்ப்ரசரில் இன்னும் எவ்வளவோ அதிகம். பிறகு இரும்புக் குழாயின் துரு.

துகள், தண்ணீர், எண்ணெய் என்று மூன்றையும் சொல்லிவிடலாம். ஆனால் தேர்வு செய்யும்போது இன்னொரு பிரிவினை மிக முக்கியம். தண்ணீரும் எண்ணெயும் ஒவ்வொன்றும் மூன்று வடிவில் இருக்கின்றன: குழாயின் அடியில் ஓடும் திரவமாக, காற்றில் மிதக்கும் பொடித் துளிகளாக, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக. திரவத்தையும் துளியையும் வடிகட்டலாம். ஆவி எந்த ஃபில்டரையும் சும்மா கடந்து போய்விடும். தண்ணீர் ஆவிக்கு ட்ரையர் (காற்றை உலர்த்தும் கருவி), எண்ணெய் ஆவிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் (ஆவியை உறிஞ்சும் கரி).

தண்ணீர்க் கணக்கு

சென்னை மாதிரி ஒரு ஊரில் 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 100 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 100 கன அடி) கம்ப்ரசர் மணிக்குச் சுமார் 170 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 3.9 லிட்டர் தண்ணீர் கம்ப்ரசருக்குள் போகிறது.

இதே காற்று 7 பாருக்கு அழுத்தப்பட்டதும் ஏறக்குறைய 21 கன மீட்டராகச் சுருங்கிவிடும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரைத் தாண்டி 40 டிகிரியில் வெளியே வரும்போது ஒரு கன மீட்டரால் 51 கிராம் ஆவியைத்தான் தாங்க முடியும். ஆக மணிக்கு 1.1 லிட்டர் ஆவியாகவே தங்கும், மிச்சம் 2.8 லிட்டர் தண்ணீராக இறங்கிவிடும். எட்டு மணி நேர ஷிப்டில் இது 22 லிட்டர். வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேன் ஒன்று நிரம்பி வழியும்.

இந்த 22 லிட்டரை வெளியேற்றுவது மாய்ஸ்சர் செப்பரேட்டர், ரிசீவர் டேங்க், அவற்றின் ட்ரெயின் வால்வுகள் ஆகியவற்றின் வேலை. ட்ரெயின் அடைத்துக்கொண்டால் இவ்வளவும் லைனுக்குள் போகும். அதன்பிறகு எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் பிரயோஜனமில்லை.

ஆவியாகத் தங்கிய 1.1 லிட்டர்தான் பலரையும் ஏமாற்றுகிறது. 0.01 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டர் மாட்டியிருந்தாலும் அது தடையில்லாமல் கடந்துவிடும். பிறகு ஷெட்டைச் சுற்றி ஓடும் குழாயில் காற்று 30 டிகிரிக்கு ஆறும்போது, மணிக்கு 400 மில்லி அளவுக்கு மறுபடியும் தண்ணீராகும். ஃபில்டருக்கு அப்புறம் எப்படித் தண்ணீர் வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் காற்றை 3 டிகிரிவரை குளிர்வித்து அந்த ஆவியின் பெரும்பகுதியைத் தண்ணீராக்கி வெளியே தள்ளுகிறது. மணிக்கு 130 மில்லிக்கும் குறைவாகவே ஆவி மிஞ்சும். குழாய் 3 டிகிரிக்குக் கீழே குளிராதவரை அது தண்ணீராக மாறாது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்த ஊரிலும் குழாய் அவ்வளவு குளிராது. அதனால் பெரும்பாலான பட்டறைகளுக்கு ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையரே போதும். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிற இடத்தில் வெட்டவெளியில் குழாய் ஓடினால் கதை வேறு. அங்கேயும், மருந்துத் தயாரிப்பு, கருவிக் கட்டுப்பாடு போன்ற காற்று மிக வறண்டு இருக்க வேண்டிய இடங்களிலும், மைனஸ் 40 டிகிரி டியூ பாயிண்ட் (ஆவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) தரும் டெசிகன்ட் ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்டது) தேவைப்படும். ஹீட்லெஸ் வகை டெசிகன்ட் ட்ரையர் தன்னை உலர்த்திக்கொள்ளவே காற்றில் சுமார் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத இடத்தில் அதைப் போடுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது?

துளிகளை ஒன்றுசேர்த்துப் பிடிக்கும் கோயலெசிங் ஃபில்டர் ஒன்றின் எலிமெண்ட்டை, அதாவது உள்ளே இருக்கும் வடிகட்டும் பகுதியை, கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே பஞ்சு மாதிரி ஒரு ஃபோம் உறை. அதற்குள் துளையிட்ட உலோக உருளை. அதற்கும் உள்ளே போரோசிலிகேட் கண்ணாடி இழைகளால் ஆன அடுக்கு. காற்று நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகும். வெறும் தூசி ஃபில்டரில் இதற்கு நேர்மாறாக, வெளியிலிருந்து உள்ளே போகும். தூசி வெளிப்பக்கம் படிந்து நிற்கும். ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) அம்புக்குறி போட்டிருப்பதற்கு இதுதான் காரணம். திசை மாற்றி மாட்டினால் வேலை நடக்காது.

இதை ஏதோ ஒரு நைஸான சல்லடை என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கொஞ்சம் பெரிய துளிகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுத்தரத் துளிகள் இழையை உரசிப் போகும்போது பிடிபடும். மிக மிகச் சின்னவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் எங்காவது ஒரு இழையில் முட்டிக்கொள்ளும். பிடிபடுவதற்குக் கடினமானவை 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுள்ளவை; அவை நேராக மோதும் அளவுக்குப் பெரியவையும் இல்லை, அலைந்து திரியும் அளவுக்குச் சின்னவையும் இல்லை. அதைவிடச் சின்னவை இன்னும் எளிதாகச் சிக்கிவிடும். இழைகளில் சிக்கிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய சொட்டாகி, ஃபோம் உறை வழியாகக் கீழே வடிந்து கிண்ணத்தில் சேர்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் எலிமெண்ட் எண்ணெயில் நனைந்திருப்பது அதன் இயல்பான நிலை. அதைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டக் கூடாது.

கேட்டலாக்கில் வழக்கமாக மூன்று தரங்களைப் பார்ப்பீர்கள். பொதுப் பயன்பாட்டுக்கு 1 மைக்ரான். எண்ணெய்த் துளியில் கன மீட்டருக்கு 0.1 முதல் 0.5 மில்லிகிராம்வரை மிஞ்சும். அடுத்தது 0.01 மைக்ரான், மிச்சம் 0.01 மில்லிகிராம். மூன்றாவது ஆக்டிவேட்டட் கார்பன், மிச்சம் 0.003 மில்லிகிராம்.

இந்த மைக்ரான் எண்ணை மட்டும் பார்த்து இரண்டு கம்பெனிகளின் ஃபில்டரை ஒப்பிடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 12500-1 முறைப்படி சோதித்தார்களா, உள்ளே விட்ட எண்ணெய் 10 மில்லிகிராமா 40 மில்லிகிராமா, நனைந்த நிலையில் பிரஷர் டிராப் (ஃபில்டரைக் கடப்பதில் குறையும் அழுத்தம்) எவ்வளவு என்று கேளுங்கள். நனைந்த நிலையில் என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். புது எலிமெண்ட் உலர்ந்திருக்கும்போது காட்டுகிற எண் முதல் நாளோடு போய்விடும்.

கார்பன் ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். எண்ணெய்த் துளி பட்டால் கார்பன் சீக்கிரமே செத்துவிடும்; அதனால் 0.01 மைக்ரான் ஃபில்டருக்கு அடுத்துத்தான் அது வர வேண்டும். அது நிரம்பிவிட்டதை எந்தக் கேஜும் காட்டாது. ஆவியை உறிஞ்சுவதால் துவாரம் அடைபடுவதில்லை, பிரஷர் டிராப் ஏறுவதும் இல்லை. மணி நேரக் கணக்கு வைத்துத்தான் மாற்ற வேண்டும். சிறிய கார்பன் எலிமெண்ட்டுகளுக்குத் தயாரிப்பாளரையும் வெப்பத்தையும் பொறுத்துச் சில நூறு மணி நேரத்திலிருந்து 1000 மணி நேரம்வரைதான் ஆயுள். அதைத் தாண்டி ஓட வேண்டும் என்றால் கார்பன் டவர் வேண்டும்.

வெப்பமும் கணக்கில் வரும். கேட்டலாக் எண்கள் 20 டிகிரியை ஒட்டிச் சோதித்தவை. 45 டிகிரி காற்றில் எண்ணெயின் கணிசமான பங்கு ஆவியாகவே இருக்கும், ஆகவே கோயலெசிங் ஃபில்டரைத் தாண்டிவிடும். நைஸான ஃபில்டரை ட்ரையருக்குப் பின்னால், காற்று குளிர்ந்த இடத்தில் வைப்பது இதனால்தான். ட்ரையருக்கு முன்னால் 1 மைக்ரான் ஒன்று போதும். டெசிகன்ட் ட்ரையராக இருந்தால் முறை மாறும்: உள்ளே இருக்கும் உலர்த்தி மணிகளை எண்ணெய் பாழாக்கிவிடும் என்பதால் 0.01 மைக்ரான் முன்னால் வர வேண்டும், மணிகள் உதிர்க்கும் பொடியைப் பிடிக்கப் பின்னால் ஒரு தூசி ஃபில்டரும் வேண்டும்.

மூன்று எண்கள்

காற்றின் சுத்தத்தைப் பேச உலகம் முழுக்க ஐ.எஸ்.ஓ. 8573-1 என்ற தரநிலையைப் பயன்படுத்துகிறார்கள். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. 1:4:1 என்று எழுதியிருந்தால் முதல் எண் துகளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு, மூன்றாவது எண்ணெய்க்கு. எண் சிறியதாக இருந்தால் சுத்தம் அதிகம். தண்ணீரில் 4 என்றால் டியூ பாயிண்ட் 3 டிகிரி அல்லது அதற்குக் கீழே; அதாவது ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் தருவது. 2 என்றால் மைனஸ் 40. எண்ணெயில் 1 என்றால் கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகாமல், 2 என்றால் 0.1, 3 என்றால் 1, 4 என்றால் 5 மில்லிகிராம். இதில் துளியும் ஆவியும் சேர்த்தே கணக்கு.

கிளாஸ் 0 என்ற பெயரைக் கேட்டதும் எண்ணெயே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிளாஸ் 1-ஐவிடக் கடுமையான ஓர் அளவை வாங்குபவரோ விற்பவரோ எழுத்தில் குறித்துக்கொள்வதுதான் கிளாஸ் 0. அந்த அளவு எழுதப்படாத கிளாஸ் 0-க்கு அர்த்தமே இல்லை.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம்

கோவை வட்டாரத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் கம்ப்ரசர் காற்று எங்கெல்லாம் போகிறது? பஞ்சைச் சீராக்கும் கார்டிங், டிராஃப்ரேம் இயந்திரங்களின் நியூமேட்டிக் சிலிண்டர்களுக்கு, ரிங் ஃப்ரேமில் நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றும் ஆட்டோ டாஃபருக்கு, பஞ்சுத் தூசி ஊதும் ஏர் கன்னுக்கு, பிறகு நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனருக்கு.

இவற்றில் நூலைக் காற்று நேரடியாகத் தொடும் முக்கியமான இடம் ஆட்டோகோனரின் ஸ்பிளைசர். அறுந்த நூலின் இரு முனைகளையும் ஒரு சின்ன அறைக்குள் வைத்து, ஒரு நொடிக்கும் குறைவான நேரம் காற்றைப் பாய்ச்சி, முடிச்சு தெரியாமல் முறுக்கிச் சேர்க்கிறது. காற்றில் எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் நூலின்மேல் படியும். காடா நூலில் அது கண்ணுக்கே தெரியாது. கோன் திருப்பூர் போய், துணியாகி, சாயத் தொட்டிக்குள் இறங்கி வெளியே வரும்போதுதான் சாயம் பிடிக்காத புள்ளியாக முகம் காட்டும். அதற்குள் நூல் பல கை மாறியிருக்கும். தவறு மில்லிலா, நிட்டிங்கிலா, டையிங்கிலா என்ற சண்டை வரும், பில் தொகை பிடிபடும். அந்தச் சின்ன அறையின் காற்றுத் துளைகளில் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து பசையாகப் படிவது இன்னொரு தொல்லை. ஸ்பிளைஸ் பலம் ஒரு ஸ்பிண்டிலுக்கு ஒரு மாதிரி வந்தால் அங்கே பார்க்க வேண்டும்.

ஆக இந்த மில்லில் எல்லா லைனுக்கும் ட்ரையர் பொது. ட்ரையருக்கு முன்னால் 1 மைக்ரான். 0.01 மைக்ரான் ஃபில்டரை ஆட்டோகோனருக்குப் போகும் கிளைக்கு மட்டும் கொடுக்கலாம். சிலிண்டர்களுக்கு இயந்திரத்திலேயே இருக்கும் எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டின் 5 அல்லது 40 மைக்ரான் போதும். ஏர் கன்னுக்கு அதுகூடத் தேவையில்லை. இயந்திரத்தின் கையேட்டில் எந்த கிளாஸ் காற்று வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கடைசி வார்த்தை அதுதான்.

மொத்தத்துக்கும் 0.01 மைக்ரானும் கார்பனும் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் மில்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏர் கன்னில் ஊதித் தள்ளும் காற்றையும் 0.01 மைக்ரான் வழியாக அனுப்பி அதற்கும் கரன்ட் கட்டுவது வீண்.

பெயிண்ட் பூத்திலும் இதே யோசனைதான். பெயிண்ட் பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தால் காற்றில் எண்ணெய் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்ப்ரே கன்னுக்குப் போகும் கிளையில் 0.01 மைக்ரான், உயர்ந்த ஃபினிஷ் வேண்டுமானால் அதற்குப் பின்னால் கார்பன். பக்கத்தில் ஓடும் டயர் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு இதில் எதுவும் வேண்டாம்.

சைஸ் பார்ப்பது

1 இன்ச் குழாய் இருக்கிறது, 1 இன்ச் ஃபில்டர் கொடுங்கள் என்று கேட்பது தவறான வழி. எத்தனை சி.எஃப்.எம். காற்று அதன் வழியாகப் போகும், எத்தனை பாரில் என்று சொல்லிக் கேளுங்கள். கேட்டலாக்கில் இருக்கும் கொள்ளளவு பொதுவாக 7 பாருக்கு. 5 பாரில் அதே ஃபில்டர் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைத்தான் தாங்கும், 3 பாரில் பாதி. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், எலிமெண்ட் வழியாகப் பாயும் வேகம் கூடும், சேர்ந்த சொட்டுகளை மறுபடி காற்றே அள்ளிக்கொண்டு போகும். தயாரிப்பாளரின் திருத்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பெருக்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சைஸ் பெரியது எடுப்பது நல்லது. சுழற்சி முறையில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. காற்று வேகம் குறைந்தால் அது வேலை செய்யாது.

மாட்டிய பிறகு

எலிமெண்ட்டைத் தள்ளிப்போடுவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். 100 சி.எஃப்.எம். கம்ப்ரசருக்கு 22 கிலோவாட் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடைத்த ஃபில்டரை ஈடுகட்ட அரை பார் ஏற்றி ஓட்டினால், ஒரு பாருக்கு சுமார் 7 சதவீதம் என்ற கணக்கில் மூன்றரை சதவீதம் கூடுதல் மின்சாரம். வருடம் 6000 மணி நேரத்துக்கு 4600 யூனிட்டைத் தாண்டும். யூனிட் 8 ரூபாய் என்றால் 37,000 ரூபாய். எலிமெண்ட்டுக்கு வாங்கிய கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரஷர் டிராப் 0.35 முதல் 0.5 பாருக்குள் வந்தாலோ, 6000 முதல் 8000 மணி நேரம் ஓடினாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

பிரஷர் டிராப்பைக் காட்டும் டிஃபரென்ஷியல் கேஜ் ஏறுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அது திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். எலிமெண்ட் கிழிந்துவிட்டது, அல்லது ஓ-ரிங் விலகி காற்று பக்கவாட்டில் ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆட்டோ ட்ரெயினை வாரம் ஒரு முறை கையால் சோதியுங்கள். ஃப்ளோட் வகையில் எண்ணெய்ச் சேறு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். கையால் திறக்கும்போது தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினால், அந்த ட்ரெயின் பல நாளாக வேலை செய்யவில்லை. அங்கே வரும் நீர் எண்ணெய் கலந்தது. மழைநீர்க் கால்வாயில் விடாமல் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாக அனுப்ப வேண்டும்.

ஆயில்-ஃப்ரீ கம்ப்ரசர் வாங்கிவிட்டால் இதெல்லாம் வேண்டாமா? வேண்டும். தண்ணீரும் தூசியும் அதில் அப்படியே வரும். இன்டேக் இருக்கும் இடம் சரியில்லை என்றால் தின்னர் வாடையும் ஜெனரேட்டர் புகையும்கூட உள்ளே போகும். கம்ப்ரசர் ரூமுக்கு வெளியே டி.ஜி. செட்டின் (டீசல் ஜெனரேட்டரின்) புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மனிதர் சுவாசிக்கும் காற்றைப் பொறுத்தவரை மட்டும் இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாண்ட் பிளாஸ்டிங் ஹூடுக்கும் பெயிண்டர் மாஸ்க்குக்கும் பட்டறை லைனிலிருந்தே காற்று கொடுப்பதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஒரு வாயு. 0.01 மைக்ரான் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, ஆக்டிவேட்டட் கார்பனும் பிடிக்காது. ஜெனரேட்டர் புகை இன்டேக்கில் கலந்தாலோ, கம்ப்ரசர் எண்ணெய் அதிகச் சூட்டில் கருகினாலோ, அது நேராக மாஸ்க்குக்குள் போகும், வாடையும் இருக்காது. ஐரோப்பாவின் இ.என். 12021 தரநிலையின் 2014 பதிப்பு சுவாசக் காற்றில் இதற்கு அனுமதிப்பது 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) மட்டுமே. அதை அகற்ற ஹாப்கலைட் என்ற கேட்டலிஸ்ட் உள்ள தனி சுவாசக் காற்று யூனிட் வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும். ஈரம் பட்டால் ஹாப்கலைட் செயலிழந்துவிடும் என்பதால் அந்த யூனிட்டுக்குள்ளேயே டெசிகன்ட் ட்ரையர் அதற்கு முன்னால் இருக்கும். விலை அதிகம் என்று அந்த ட்ரையர் இல்லாத செட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.